ரயில் தம்பி

எனக்கு வேலை ரயிலில், சாப்பாட்டுப் பெட்டியில். கோலாலம்பூரில் இரவு ஏறினால் விடிந்து சிங்கப்பூர் வரும்வரை நின்றுகொண்டே தேநீர் ஆற்ற வேண்டும். ரயில் ஆடும், நாம் ஆடக் கூடாது. அப்படி நின்ற கால்களுக்குத் தரையைக் கண்டதும் ஓட வேண்டும் போலிருக்கும். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் மற்றவர்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். பிற்பகல் ரயிலில் திரும்பும்வரை அவர்களுக்கு உலகமே கிடையாது. நான் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன்.

ரயில் கொண்டுபோய் விட்ட ஊர்களையெல்லாம் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். யாரிடமும் வழி கேட்க மாட்டேன். தெருப்பலகை, வீட்டு எண் எதையும் படிக்க மாட்டேன். எந்தத் திருப்பத்தில் ரொட்டி வேகும் வாசனை வரும், எந்தச் சந்தில் நாய் துரத்தும், எங்கே சாலை மூச்சு வாங்க வைக்கும் என்பதெல்லாம் காலுக்கே தெரிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. நல்ல திமிர்தான் போங்கள், அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

எழுபதுகளில் ஒரு ஆள் காரணமில்லாமல் ஓடினால் ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. சிராங்கூன் சாலையில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் கேட்டேவிட்டார்: "யாரைத் துரத்துற? இல்ல, உன்னைத்தான் துரத்துறாங்களா?"

சிரித்துக்கொண்டே தாண்டி வந்த கொஞ்ச நேரத்தில், நிஜமாகவே பின்னால் காலடி கேட்டது. வேகத்தைக் கூட்டினேன். அந்தக் காலடியும் கூடியது. நகைக்கடைகளைத் தாண்டி, தேக்கா சந்தையைத் தாண்டி, ஃபேரர் பார்க் திடல் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதற்கு மேல் முடியாமல் புல்லில் குனிந்து நின்றபோது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கழுத்தில் சிவப்புத் துண்டு.

"ஏன் தம்பி இப்படி ஓடுற? கூட ஓடலாம்னு வந்தா விட மாட்டேங்கிறியே லா!"

அவரும் சும்மா ஓடுகிறவர்தான். விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. விமான நிலையம் அப்போது பாய லேபாரில் இருந்தது. மனைவியோடு சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். காலையில் ஓட்டம், பிறகு வேலை. நான் ரயிலில் வருகிறவன் என்றதும், "அப்ப நீ வர்ற அன்னைக்கு இங்கேயே நில்லு, நான் வந்துடுறேன்" என்றார்.

அவ்வளவுதான். பல வருடங்கள் அப்படிப் போயின. கோலாலம்பூரின் கிளாங் சாலையில் ஓடி வளர்ந்தவனுக்கு அவர் சிங்கப்பூரைக் காட்டினார். படகுகள் முட்டிக்கொண்டு கிடந்த ஆற்றங்கரை, மசாலா அரைக்கும் சந்து, கடைவீடுகளின் பின்புறம், காளாங் பக்கத்துச் சதுப்பு. "பஸ்ல போனா ஊரு ஓடும், நீ உக்காந்திருப்ப" என்பார். ஓடி முடித்ததும் ஒட்டுக்கடை என்கிற சின்னக் காப்பிக்கடையில் வியர்வையோடு உள்ளே உட்கார வெட்கப்பட்டு, வாசலில் நின்றே காப்பியைத் தட்டில் ஊற்றிக் குடிப்போம். அவர் அண்ணன், நான் தம்பி. பெயரை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்டால் திரும்புகிறவரிடம் பெயரைக் கேட்பானேன்? கேட்டால் அவரை அந்நியராக்கியதுபோல் இருந்திருக்கும்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. ரயில் ஜொகூர் பாலத்தைத் தாண்டும்போதே மனசு குறுகுறுக்கும். ஊரைப் பார்க்கவா, அவரைப் பார்க்கவா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் விமான நிலையம் சாங்கிக்குப் போனது. கடைவீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்குப் புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. தீவின் ஒரு மூலையில் வீடு, இன்னொரு மூலையில் வேலை.

"உன் ரயில் எங்க அடுப்படிக்குக் கீழதான் போகும் தம்பி. சன்னல் கம்புல இந்தத் துண்டை மாட்டி வைக்கிறேன், பாத்துக்கோ" என்றார். "ஓட்டம் எங்க போயிடும்? ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு வருவேன் லா."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முறை வருவதே அபூர்வம். வந்த ஒன்றிரண்டு நாட்களில் அவர் வரவில்லை. ஒட்டுக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "எந்த அண்ணன்? இந்த ரோட்டுல எல்லாரும் அண்ணன்தான்" என்றார். கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு மேல் சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை.

பிறகு ஒரு விடியலில், புக்கிட் பாஞ்சாங் அருகே, மூங்கில் கம்புகளில் காய்ந்த நூறு துணிகளுக்கு நடுவில் அதைப் பார்த்துவிட்டேன். சிவப்புத் துண்டு. கையிலிருந்த தேநீரைப் பயணி ஒருவரின் மடியில் கொட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன்பின் போகும்போதும் வரும்போதும் சன்னலில்தான் நிற்பேன். துண்டு இருக்கும், மழை நாளிலும் இருக்கும். கீழே இறங்கத்தான் வழியில்லை, ரயில் அங்கே நிற்காது. ஸ்டேஷனிலிருந்து அவ்வளவு தூரம் ஓடிப் போய்ப் பிற்பகல் ரயிலுக்குத் திரும்ப முடியுமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பார்க்காமல் இருந்ததைவிட அப்படிப் பார்த்துக்கொண்டே போவதுதான் அதிகம் வலித்தது.

என்னை வடக்கே பட்டர்வொர்த் பாதைக்கு மாற்றிவிட்டார்கள். இனி சிங்கப்பூர் வண்டி எனக்கு இல்லை. எப்படியாவது ஒருமுறை அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று கடைசி முறை வந்து இறங்கியதும் புக்கிட் தீமா சாலையைப் பிடித்து ஓடினேன். அவ்வளவு தூரம் நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பின்பக்கச் சன்னலாகவே பார்த்துப் பழகிய வீட்டை முன்பக்கக் கதவாகத் தேடினால் இடம் வலமாகிறது. முதலில் தட்டிய கதவை ஒரு சீனப் பாட்டி திறந்து, என் கோலத்தைப் பார்த்துச் சட்டென்று சாத்தினார். இரண்டாவது கதவுக்கு மாவிலை கட்டியிருந்தது. திறந்த பெண்மணி, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

வாய் திறந்தது, பெயர் இல்லை. "ஓடுவாங்கல்ல... அண்ணன்..." என்று உளறினேன்.

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். "ரயில் தம்பியா? உள்ள வாங்க, உள்ள வாங்க!"

அண்ணன் வீட்டில் இல்லை. முதல் பஸ்ஸில் சாங்கிக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவாராம். ஓட்டமெல்லாம் நின்றுவிட்டதாம். "ஆனா கிளம்புறப்ப துண்டை மாட்டாம போக மாட்டாங்க. காஞ்ச துண்டை எதுக்குங்க தினமும் காயப்போடுறீங்கன்னு கேட்டா, தம்பி என்னைக்கு வருவான்னு யாருக்குத் தெரியும்ங்கிறாங்க."

காத்திருக்க ஆசைதான், ஆனால் பிற்பகல் ரயிலை விட முடியாது. மாற்றலைச் சொன்னேன். விலாசம் கேட்டார். போகிற ஊரில் எந்த அறை கிடைக்கும் என்று எனக்கே தெரியாது, போனதும் எழுதுகிறேன் என்றேன். "அண்ணி, அண்ணன் பேரு?" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "நல்லா கேட்டீங்க, அவங்க பேரை நான் எப்படி என் வாயால சொல்றது?" நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

வியர்வை துடைக்கக் கம்பிலிருந்து அந்தத் துண்டையே எடுத்துக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. "வச்சுக்கங்க தம்பி. துண்டு எங்கன்னு கேப்பாங்க. நீங்க வந்து எடுத்துட்டுப் போனீங்கன்னு சொல்றேன், சந்தோஷப்படுவாங்க."

அன்று பிற்பகல் ரயில் அந்தக் கட்டடத்தைத் தாண்டியது. கம்பு வெறுமையாக இருந்தது. அண்ணி சன்னலில் நின்று கையாட்டினார். துண்டை வீசிக் காட்டத்தான் துடித்தேன். ரயிலிலிருந்து சிவப்புத் துணியை வெளியே வீசினால் வண்டியும் நிற்கும், வேலையும் போகும். சட்டைக்குள் அதைப் பிடித்துக்கொண்டு வெறும் கையை ஆட்டினேன்.

பட்டர்வொர்த் போனதும் எழுத உட்கார்ந்தேன். உறையின் மேல் எழுதப் பெயர் இல்லை. வீட்டு எண்ணையும் வழக்கம்போல் பார்க்காமல் வந்திருந்தேன். காலுக்குத் தெரிந்த வீடு கைக்குத் தெரியவில்லை. சில வருடம் கழித்து விடுமுறையில் போய் அந்தக் கதவைத் தட்டினேன். திறந்தவர்கள் வேறு ஆட்கள். முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

துண்டு இப்போது வெளிறி, ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. புதிய ஊர் எதற்குப் போனாலும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காலையில் ஓடுகிறேன். பின்னால் காலடி கேட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.