பென்சில் பிராக்கெட்

பாடப்புத்தகத்தில் பென்சில் பிராக்கெட்டைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் அதை விளக்க வேண்டாம். பாடம் முடிந்ததும் டீச்சர் சொல்வார்: "இதுலேர்ந்து இந்தப் புள்ளி வரைக்கும் மொதல் கேள்விக்குப் பதில். பிராக்கெட் போட்டு ஒண்ணுன்னு எழுதிக்குங்க." வகுப்பே குனிந்து கோடு போடும். அப்புறம் அந்தக் கதையை யார் படிக்கப் போகிறார்கள்? பிராக்கெட்டுக்குள் இருப்பதை மனப்பாடம் செய்தால் போதும்.

நான் போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ஆரணிப் பள்ளிக்கு வந்து போகிற டீச்சர். எனக்குக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு. பள்ளியை ஒட்டிய வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தை மீறிக் கத்தித்தான் கதை சொல்ல வேண்டும். முதல் வாரம் அப்படித் தொண்டை வறள ஒரு குருவிக் கதையைச் சொல்லிவிட்டு, "கதையில யார் யார் வந்தாங்க?" என்று கேட்டேன். ஒரு பிள்ளைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் புத்தகத்துக்குள் போய்விட்டது, விரல்கள் வரி வரியாகத் தேடின. முதல் பெஞ்சில் இருந்தவனின் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி கேட்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து ஒரே மூச்சில் சொன்னான்:

"விடை மூன்று. சிங்கம் தன் தவற்றை உணர்ந்தது."

அந்தக் கதையில் சிங்கமே கிடையாது. சிங்கம் போன பாடம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி, நன்று, மிக நன்று. சிரிப்பு போய்விட்டது. அவன்மேல் என்ன தப்பு? நன்று போட்ட கை எங்கள் கைதானே!

அன்றைக்குச் சாயங்காலமே கடையில் ஒரு டப்பா ரப்பர் வாங்கினேன். மறுநாள் முதல் மணி முழுக்க எல்லாப் புத்தகத்திலும் பிராக்கெட்டை அழிக்கச் சொன்னேன். நானும் உட்கார்ந்து அழித்தேன். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். அடுத்த நாள் ஒரு அம்மா, தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர், சேலையில் நூல் ஒட்டியிருக்க என்னை ஒரு பிடி பிடித்தார்.

"இன்னா டீச்சர், பதிலையெல்லாம் அழிச்சிட்டீங்களாமே? அப்புறம் என் புள்ள எதப் பாத்துப் படிக்கும்?"

"கதையப் பாத்துப் படிக்கட்டும்மா."

"கதையா? பேஜார் புடிச்ச வேலையா கீதே இது" என்று சொல்லிக்கொண்டே போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கடைசி வரிசை. எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் படிப்பாள். படிக்கத் தெரியாதவர்கள் பட்டியலில் எங்கள் தலைமையாசிரியை அவள் பெயரை ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருவார், அவர் கேட்கும் கேள்விக்கு அவள் பதில் சொல்லாவிட்டால் பட்டியல் உறுதியாகிவிடும். பிறகு வருஷம் முழுக்க, நான் கதை சொல்லும் நேரத்தில் அவள் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்து 'அ, ஆ' எழுத வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் தனிக்கவனம். கவனமாம்!

ஒரு நாள் பாடப்புத்தகத்தில் இருந்த ஆமைக் கதையை எடுத்தேன். காய்ச்சலில் ஆமைக்கு நா வறண்டு பேச்சே வரவில்லை. தண்ணீர் கொண்டுவரப் போன முயல் பொழுது சாய்ந்துதான் திரும்பியது. அதன் கால்களெல்லாம் சேறு. ஆமை ஒன்றும் கேட்கவில்லை. பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை முயலிடம் நீட்டியது. அவ்வளவுதான் கதை.

"ஆமை ஏன் ஒண்ணும் கேக்கல?"

சிங்கத்துக்காரன் துள்ளி எழுந்தான். "காய்ச்சல் டீச்சர். பேச்சு வரல."

கடைசி வரிசையிலிருந்து, யாரிடமோ சண்டைக்குப் போவது போல ஒரு குரல். "தண்ணி குடிச்சிடுச்சே. அப்புறம் பேச வரும் இல்ல?"

அவள்தான். அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுசாகக் கேட்டேன். "அப்போ ஏன் கேக்கல, நீ சொல்லு" என்றேன்.

"முயலு காலு பூரா சேறா கீது இல்ல டீச்சர்? எவ்ளோ கஷ்டப்பட்டு வந்துகீதுன்னு ஆமைக்குப் பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சு. எங்கப்பா மொதலாளிகிட்ட பொடவ குடுக்கப் போயிட்டு லேட்டா வந்தா எங்கம்மா கூட ஒண்ணும் கேக்காது. மூஞ்சியப் பாத்துட்டு சோறு போட்டுடும்."

இதைவிட நன்றாக ஒரு கதையை எப்படிப் படிப்பது? இவளுக்கா படிக்கத் தெரியாது? பட்டியலைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"நல்லாத்தான் கீது டீச்சர். ஆனா வர்ற சார் இந்தக் கதையத்தான் கேப்பாரு, கையில விடைத்தாள் இருக்கும். அதுல காய்ச்சல்னு போட்டிருக்கு. சோறுன்னு சொன்னா அவர் இன்னா பண்ணுவாரு? இன்ட்டு போட்டுட்டுப் போய்கினே இருப்பாரு. ஜல்தியா அவளுக்குப் பதில சொல்லிக் குடுங்க."

சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன். ஆனால் அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மதியம், மற்ற பிள்ளைகள் விளையாடப் போனதும், அவளை மேசைக்குக் கூப்பிட்டவளும் நான்தான். அவள் வராந்தாவுக்குப் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் மண்டையில் இருந்தது. பென்சிலை எடுத்தேன். காய்ச்சல் வரியைச் சுற்றி பிராக்கெட் போட்டேன்.

"இதுலேர்ந்து இது வரைக்கும். சார் கேட்டா இத மட்டும் சொல்லு."

அவள் அந்தப் பென்சில் கோட்டை விரலால் தடவினாள். "அப்போ நான் சொன்னது தப்பா டீச்சர்?"

"தப்பில்ல. சார்கிட்ட மட்டும் இத சொல்லு."

"ஏன்? அவருக்கு அது தெரியாதா?"

"வாய மூடிகினு படி!" என்று கத்திவிட்டேன். சே, நானா அப்படிக் கத்தினேன்!

அதிகாரி வந்தார். விடைத்தாளில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். பாருங்கள், அவரும் விரல் வைத்துத்தான் படித்தார், அவரை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "வெரி குட்" என்று டிக் போட்டார். பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். தலைமையாசிரியை எல்லோருக்கும் போண்டாவும் டீயும் வாங்கித் தந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போண்டா எனக்கு இறங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு புதுக் கதையை எடுத்தேன். பாதியில் நிறுத்தி, வேண்டுமென்றே கடைசி வரிசையைப் பார்த்து, "அவன் ஏன் திரும்பி வந்தான்?" என்று கேட்டேன். அவள் எழுந்தாள். பேசப் போகிறாள் என்று நான் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் வரிசையைத் தாண்டி மேசைக்கே வந்து, புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தாள்.

"எதுலேர்ந்து எது வரைக்கும் டீச்சர்?"

பென்சிலைக் கூராகச் சீவிக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.