முதுகை மட்டும் எடுத்த பேட்டி

சுற்றுச்சூழல் படம் எடுப்பவன் என்றால் காடு, புலி, கழுத்தில் தொங்கும் கேமரா என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. என் பிழைப்பில் பெரும்பாலும் பயம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் கடப்பாக்கம் பக்கம் இறால் பண்ணைக் கழிவைப் பற்றி ஒரு படம் எடுத்தேன். தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விடுகிறோம் என்று பண்ணைக்காரர்கள் சாதித்தார்கள். அது பொய் என்று சொல்லத் துணிந்தவர் ஒரே ஒருவர், அங்கே மதகைத் திறந்துவிடும் காவலாளி. மூஞ்சி தெரிந்தால் வேலையும் போகும், உதையும் விழும் என்றார். தெரியாது என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

உப்பங்கழியைப் பார்த்து உட்காரவைத்து, முதுகுப் பக்கமிருந்து எடுத்தேன். குரலையும் பிறகு மாற்றினேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய நாய் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் படுத்தது. ஃப்ரேம் அழகாக அமைந்துவிட்டதென்று பூரித்துப் போனேன். புத்தி கெட்டவன்.

படம் எடுத்த ஊரில்தான் முதலில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஒரு ஞாயிறு பிற்பகல், மாதா கோயில் பக்கத்துக் கூடத்தில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு டிவியும் வீடியோ டெக்கும் வைத்தோம். அந்த முதுகு வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் நாயின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூடமே சிரித்தது. கதவோரம் நின்ற பண்ணை மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தப் போன என் கையை யாரோ பிடித்தார்கள். அந்தக் காவலாளியேதான்.

"நிறுத்தாத சார். நீ நிறுத்தினா அது நான்தான்னு நெசமாயிடும்" என்றார் காதோரம்.

மீதியையும் ஓடவிட்டேன்.

மறுநாள் காலை கேமராப் பையோடு செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வருகிற ஒவ்வொருவரும் மேஸ்திரியின் ஆளாகவே தெரிந்தார்கள். அப்போது காவலாளி வந்தார். உதடு வீங்கியிருந்தது. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"இனிமே மறைக்க இன்னா சார் கீது? மூஞ்சியக் காட்டியே சொல்றேன். இப்பவே எடு."

எதிர்க்கடையில் இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். பையில் சார்ஜ் ஏற்றிய பாட்டரிகள் இரண்டு இருந்தன. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.