பேறுகால விரால்

எங்கள் கலகெதர வீட்டின் பின்புறத்தில் வாய் உடைந்த மண்பானை ஒன்று கிடக்கிறது. மழை பெய்து அதில் தண்ணீர் நின்றால் நான் போய்க் கவிழ்த்துவிட்டு வருவேன். "அத வீசினாத்தான் என்ன உம்மா?" என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். வீச மாட்டேன். ராத்தாவின் மாப்பிள்ளை இரண்டு விரால் மீன்களைக் கொண்டுவந்த பானை அது. எனக்குக் கூடப் பிறந்தவள், மூத்தவள், ராத்தா ஒருத்திதான். அவள் மாப்பிள்ளையை நான் மச்சான் என்று கூப்பிட்டேன். இன்றைக்கும் மனதுக்குள் அவரை ஏசும்போதுகூட மச்சான் என்றுதான் வருகிறது.

எங்கள் வழக்கப்படி அவர் கல்யாணம் முடித்ததும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. வியாழக்கிழமை பொழுதுபடும் நேரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்குவார், வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து மறுபடி போவார். வெறுங்கையோடு வந்ததே கிடையாது. ராத்தா ஒரு தரம் தும்மினால் இவர் இரண்டு தரம் எழுந்து பார்ப்பார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் வெறுத்துவிட்டு மறந்திருப்பேன். நல்ல மனிதராகப் போனதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் மழை எங்களைக் கைவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஓடிய சிற்றாறு நின்றுபோய், மணலுக்கும் பாறைக்கும் நடுவில் குட்டை குட்டையாகத் தேங்கியது. கண்ணாடி போல் தெளிந்த தண்ணீர். அதில்தான் மலேரியாக் காய்ச்சலைக் கொண்டுவரும் நுளம்பு, கொசு, முட்டையிடும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு சனிட்டரி மாத்தையா, அரசாங்கச் சுகாதார அதிகாரி, ஒருவர் வந்தார். எங்கள் குட்டையில் ஒரு போத்தல் நிறையச் சின்ன மீன்களை விட்டார். அரை விரல் நீளம்கூட இல்லை. முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும் மீன் என்றார். ஓடுகிற ஆற்றில் விட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுமாம், தேங்கிய தண்ணீரில்தான் பெருகுமாம். அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு மாதம் போவதற்குள் குட்டையின் ஓரமெல்லாம் கண்ணும் வாலுமாகத் துள்ளின. நுளம்புப் புழு ஒன்றுகூடக் காணக் கிடைக்கவில்லை. போகும்போது அவர் ஒன்று மட்டும் சொல்லியிருந்தார்: வேறு பெரிய மீன் எதையும் இதில் விடவேண்டாம்.

ராத்தாவுக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேற்று வீட்டில் விரால் ஆணம், விரால் குழம்பு, இல்லாமல் முடியாது. பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டும், போன ரத்தம் ஊற வேண்டும். பேறு நேரத்தில் விராலுக்கு எங்கே போய் அலைவது என்று மச்சானுக்கு முன்கூட்டியே கவலை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை, கண்டியிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் குருநாகல் பக்கம் போய், குளத்து விரால் இரண்டைப் பானையில் போட்டு, ஈரத் துணியால் வாய் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இடுப்புச் சாரமெல்லாம் நனைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், பெரிய மீன் போட வேணாண்டு மாத்தையா சென்னாரே" என்றேன்.

"மீனெண்டா மீன்தானே புள்ள! சின்னது தின்ற நுளம்ப பெரிசு தின்னாதா?"

எங்கள் உம்மா சிரித்தாள், ராத்தா சிரித்தாள். சொன்னது நியாயம்போலத்தான் இருந்தது. அந்த நியாயத்தைத்தான் என்னால் இன்று வரை செரிக்க முடியவில்லை.

விரால் எந்தச் சேற்றிலும் பிழைக்கும். மற்ற மீனெல்லாம் மூச்சுத் திணறிச் சாகிற தண்ணீரில் அது மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மச்சான் போட்ட இறைச்சித் துண்டுகளையும் தின்று இரண்டும் கொழுத்தன. பிறகு ஒரு நாள் பாசியை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிட்டன. பொரித்த குஞ்சுகள் சிவப்பாக ஒரே கூட்டமாய் நீந்தும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்தா கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆசைப்பட்டு நாலு குஞ்சைப் பிடித்து அடுப்படித் தொட்டியில் விடச் சொன்னாள். குட்டையில் இருந்தவை விரலைத் தாண்டி வளர்ந்தபோது தொட்டியில் இருந்தவை ஊசி போலவே நின்றன.

"எல்லாம் ஒரு வயித்துப் புள்ளையள்தானே?" என்றாள் ராத்தா. "பாவம், எடம் பத்தாம வளரல்ல."

அதற்குள் சின்ன மீன்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் குந்தியிருந்து பார்த்தேன், ஓரத்துத் தண்ணீரில் நுளம்புப் புழுக்கள் படுத்துக் கிடந்தன. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதெல்லாம் தின்னும், நீ பயப்புடாத" என்றார். ராத்தாவின் காதில் விழுந்துவிடக்கூடாது என்று, மெல்லப் பேசச் சொல்லிக் கையையும் காட்டினார்.

நோன்பு மாதம் பிறக்கும்போது காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட்டது. பள்ளிவாசலில் தொழ நிற்கும் ஸப்பு வரிசைகளில் பாதி காலியாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் ராத்தாவுக்குத்தான் முதலில் குளிர் கண்டது. வீட்டில் இருந்த துணியெல்லாம் மேலே போட்டும் கட்டில் நடுங்கியது. கொயினா மருந்தை நான்தான் கரைத்துக் கொடுத்தேன். கசப்புத் தாங்காமல் வாந்தி எடுத்தாள். ஏழாம் மாதத்தில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, மூச்சில்லை. மறுநாள் ராத்தாவும் போனாள். மச்சான் அவள் காலடியில் உட்கார்ந்து, "விரால் வளந்து நிக்கிது புள்ள, எழும்பு" என்று பைத்தியம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு குட்டையால் வந்த சாவா இது என்று கேட்பீர்கள். ஊரெங்கும் குட்டை, ஊரெங்கும் நுளம்பு. பிணமில்லாத வீடில்லை, எந்த வீட்டிலும் மையித்து. எனக்கும் தெரியும். ஆனால் மற்றக் குட்டைகள் ராத்தா உட்காரும் கரையில் இல்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறு கொடுக்க இறைச்சி கிடைக்கவில்லை. கசாப்புக் கடைக்காரரும் படுக்கையில். உம்மாதான், "அந்த மீன அள்ளுங்கோ" என்றாள். காய்ச்சலில் யாரும் அந்தப் பக்கம் போயிருக்கவில்லை, இரை போடவும் இல்லை. குட்டை வற்றி ஒரு பாய் அகலம் ஆகியிருந்தது. அந்தச் சேற்றில் இரண்டு பெரிய விரால் மட்டும் புரண்டன. குஞ்சு ஒன்றையும் காணவில்லை.

அடுப்படியில் நான்தான் அவற்றை வெட்டினேன். முதல் மீனின் வயிற்றைக் கீறியபோது உள்ளே அதன் குஞ்சுகள். காவல் நின்ற அதே மீன், தண்ணீர் சுருங்கி இரை இல்லாமல் போனதும் காவல் காத்ததையே தின்றிருக்கிறது. அதைத் தட்டில் வைத்து, முன்னறையில் இருந்த மச்சானிடம் கொண்டுபோனேன்.

"பாருங்கோ மச்சான். பெரிசு தின்னுது."

அவர் பார்த்தார். ஓதி முடித்துச் சஹனை, சேர்ந்து உண்ணும் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்தவர்கள் மீனின் ருசியைப் புகழ்ந்தார்கள். மச்சானும் உட்கார்ந்திருந்தார், சோற்றில் கை வைக்கவில்லை. அடுத்த நாள் கண்டிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளை குட்டி பெற்று, வயதாகி மௌத்தானார். கேள்விப்பட்டு நான் அழுதேன், ஏன் என்று தெரியாது.

தொட்டியில் விட்ட நாலு குஞ்சும் உயிரோடு இருந்தன, ஊசி போலவே. இடமுள்ள தண்ணீரில் விடலாம் என்று நான் அவற்றை அந்தப் பானையில் அள்ளிக்கொண்டு போனேன். எங்கே விடுவது? ஆற்றில் தண்ணீர் இல்லை. குட்டையில் சேறுதான். பானையை இடுப்பில் வைத்தபடி, ராத்தா உட்காரும் கரையில் இருட்டும் வரை நின்றுகொண்டிருந்தேன்.