கெல்த்வெயிட் என்பது ரஞ்சினி அக்காவின் பெயர்

செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவுக்குக் கிட்ட ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் இருந்தேன். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வயதான நோர்வேஜியர் ஒருவருக்குப் பிரேம் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரம் தாரா அழைத்தாள். தாரா, ரஞ்சினி அக்காவின் மகள். வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறவள் அல்ல. "மனோ அன்ரி, அம்மா விடியக் காலமை போயிட்டா," என்றாள். கொஞ்சம் நின்று, "ஆஸ்பத்திரியில இறப்புப் பத்திரத்தில அம்மான்ர பேரை எழுதேக்குள்ள சுருக்கப் பாத்தவை. நான் விடேல்லை. முழுசா எழுதுவிச்சனான்," என்றாள். முதல் வசனத்துக்கு வராத அழுகை எனக்கு இரண்டாவதற்கு வந்தது. பிரேமைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். அந்தக் கிழவர் பாவம், எழுந்து எனக்குக் கதிரை தந்தார்.

ரஞ்சினி கெல்த்வெயிட்டை உங்களில் பலருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வலிக்காமல் இரத்தம் எடுக்கும் தமிழ் அக்கா என்று தெரிந்திருக்கும். அல்லது தேவாலயத்தில் நத்தார்ப் பாட்டில் எல்லோரையும் மீறிக் கேட்கும் அந்தக் குரலுக்காகத் தெரிந்திருக்கும். "உந்த இங்கிலீஸ் பேர்க்காரி" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் இதை வாசிப்பீர்கள். நன்றாக வாசியுங்கள். அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அன்னார் எல்லோரோடும் இனிமையாகப் பழகியவர்" என்று பேசினார். பேசியவர் அவரோடு பழகவில்லை என்று மட்டும் விளங்கியது. தன் பெயரில் யாராவது கை வைத்தால் ரஞ்சினி அக்கா இனிமையாகப் பழகியதே கிடையாது.

நாங்கள் அறிமுகமானது அந்த ஆய்வுகூடத்தில்தான். ஊரில் எங்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தகப்பன் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால், அவ்வளவுதான் கணக்கு. இங்கே வந்த ஆண்கள் தங்கள் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்தார்கள். அது மனைவிக்கும் ஒட்டிக்கொண்டது. ஒஸ்லோவில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் மாமனார் பெயரைக் கூப்பிட்டால் எழும்பிப் போகிறோம். அன்று "செல்லத்துரை" என்று ஒரு குரல் கூப்பிட்டது. நான் எழும்பிப் போனேன். ஊசியோடு நின்ற அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் செல்லத்துரை?"

"என்ர மாமனார்."

"அவர் எங்கை?"

"எப்பவோ மோசம் போயிட்டார்."

"அப்ப ஏன் அவற்ற பேரில ரத்தம் குடுக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசியைப் போட்டு எடுத்துவிட்டார். வலி தெரியவில்லை. நான் அவருடைய சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தேன். வெள்ளைக்காரனைக் கட்டியிருக்கிறா போல என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "கட்டினது எங்கட உரும்பிராய் ஆள். இது என்ர அப்பான்ர பேர்," என்றார்.

கெல்த்வெயிட் பிரித்தானியாவிலேயே அபூர்வமான பெயர். வட இங்கிலாந்தின் மலைப் பக்கத்தில் ஒரேயொரு பள்ளத்தாக்கில் பிறந்தது. அங்கே ஊற்றடியில் காடு வெட்டித் திருத்திய ஒரு காணிக்கு அந்தப் பெயர். காணியில் இருந்தவர்களுக்குக் காணியின் பெயரே பெயராயிற்று. தேவாலயப் பதிவுகளில் தலைமுறை தலைமுறையாக அதே பள்ளத்தாக்கு, பக்கத்து இரண்டு கிராமங்கள், பிறகு பஞ்சாலைகள் வந்தபின் கீழே ஒரு ஆலை நகரம். அதற்கப்பால் அது அதிகம் நகரவில்லை, ஒரு திசையைத் தவிர. அந்தப் பள்ளத்தாக்கில் வசதியான ஒருவர் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு பையனின் படிப்புச் செலவை ஏற்றார். ஏற்றவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அப்போதைய வழக்கம். ரஞ்சினி அக்காவின் பூட்டன் அப்படித்தான் கெல்த்வெயிட் ஆனார். அதற்கு முன் அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று இன்று ஒருவருக்கும் தெரியாது.

இந்தப் பெயரோடுதான் அக்கா நோர்வேக்கு அகதியாக வந்தார். விசாரித்த அதிகாரிக்குச் சந்தேகம். இலங்கைத் தமிழிச்சிக்கு எப்படி இந்தப் பெயர், ஆவணம் கள்ளமோ என்று துருவித் துருவிக் கேட்டாராம். உதவிக்கு வந்த எங்கள் ஆளே, "அக்கா, மனுசன்ர பேரைச் சொல்லுங்கோ, பிரச்சினை கெதியா முடியும்," என்று காதுக்குள் சொல்லியிருக்கிறார். அக்கா சொல்லவில்லை. கூட வந்தவர்களுக்கெல்லாம் முடிவு கிடைத்து, வீடு கிடைத்து, அவர்கள் போய்விட்டார்கள். இவர் முகாமிலேயே இருந்தார். "பயமில்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். "பயம்தான். பயந்துகொண்டுதான் மாட்டன் எண்டனான்," என்றார்.

பெயர் விஷயத்தில் அவர் தனக்கு மட்டும் நியாயம் கேட்டவர் அல்ல. ஆய்வுகூடத்துக்கு இரத்தம் நிரப்பி வரும் சிறு குழாய்களில் சோமாலியப் பிள்ளையின் பெயரையோ வியட்நாமியக் கிழவியின் பெயரையோ யாராவது பாதியில் வெட்டி ஒட்டியிருந்தால், அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். இன்னார்தான் என்று தெரியும்தானே என்று கூட வேலை செய்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். "உங்களுக்குத் தெரியும். குழாய்க்குத் தெரியாது," என்பார். அப்படிக் கூட வேலை செய்தவர்களில் சீக்ரி என்ற நோர்வேஜியப் பெண்மணி ஒருவர். நோர்வேயின் மேற்குக் கடற்கரைப் பக்கத்துக்காரி. அவர்தான் முதன்முதலில் சொன்னார்: உன் பெயரின் பின்பாதி எங்களுடையது, எங்கள் ஊர்ப்பக்கம் வெட்டித் திருத்திய காணிக்கெல்லாம் ட்வெய்ட் என்றுதான் பெயர், முன்பாதியும் ஊற்றுக்கு எங்கள் சொல்தான், ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் கடல் கடந்து போய் இங்கிலாந்தின் அந்த மலைகளில் குடியேறி விட்டுவிட்டு வந்த சொற்கள் இவை என்று. அன்று மாலை அக்கா ஒஸ்லோவில் அம்மருட்டிலிருந்த என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, வாசலில் நின்றே சொன்னார்: "மனோ, நான்தான் அகதி. என்ர பேர் அகதியில்லை. அது சுத்திச் சுத்தித் தன்ர வீட்டுக்கு வந்திருக்கு." பிறகு இருவரும் தேநீர் குடித்தோம். இவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்கள் அவரைச் சும்மா விடவில்லை. ஹவுகன்ஸ்டுவாவில் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் அக்காவைப் பார்த்து, "உங்களைத்தான் சொல்லுறன். உது வெள்ளைக்காரன் சூட்டின அடிமைப் பேர். கழட்டி எறியுங்கோ," என்றார். கைதட்டலும் கிடைத்தது. அக்கா எழும்பினார். "சூட்டினது அவன்தான். எனக்கும் கோபம்தான். ஆனா அந்தப் பேரோட இடம்பெயர்ந்தது நாங்கள். அந்தப் பேரோட பங்கருக்குள்ள கிடந்தது நாங்கள். அந்தப் பேரைச் சிலுவையில எழுதித்தான் என்ர அண்ணனைத் தாட்டனாங்கள். எறியச் சொல்ல நீங்கள் ஆர்?" கைதட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த அண்ணனைப் பற்றி அவர் வாய்திறந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் உண்மையில் போராடிய இடம் வேறு. இங்கிலாந்தில் அந்தப் பெயர்க்காரர்களுக்கு ஒரு சின்னச் சங்கம் இருக்கிறது. பெயர் எங்கே தோன்றியது, எங்கெங்கே பரவியது என்று தேடி, இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கெல்த்வெயிட்டுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கும் ஒஸ்லோவுக்கும் புள்ளி வேண்டும் என்று அக்கா எழுதினார். உங்களுடையது பெறப்பட்ட பெயர், குடும்பத்துப் பெயர் அல்ல என்று பதில் வந்தது. அக்கா விமானச் சீட்டு எடுத்தார். "தனியப் போனால் அடிச்சுப்போடுவன், நீங்களும் வாங்கோ," என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பள்ளத்தாக்கில், ஒரு கிராம மண்டபத்தில், ஆண்டுக் கூட்டம். ஏறக்குறைய எல்லோருமே நரைத்தவர்கள். சுவரில் பிரித்தானிய வரைபடம்; அதில் நீலத்தலைக் குண்டூசிகள், பெரும்பாலும் நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றியே. செயலாளர் நல்ல மனிதர், எங்களுக்குத் தானே தேநீர் ஊற்றித் தந்தார். மிகவும் தன்மையாக விளக்கினார்: உங்கள் பூட்டனுக்கு அந்தப் பெயர் ஒரு அன்பளிப்பு, அதை நாங்கள் மதிக்கிறோம், ஆனால் இது வம்சத்தின் வரைபடம். அக்கா கோப்பையை வைத்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ஒரு பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு இதைக் கொடுத்தீர்கள். இது அன்பளிப்பு அல்ல, மாற்று. எடுத்ததைத் திருப்பித் தாருங்கள், நானும் இதைத் தந்துவிட்டுப் போகிறேன்."

அக்கா எழுந்து, வரைபடத்தடியில் இருந்த பெட்டியிலிருந்து இரண்டு குண்டூசிகளை எடுத்தார். ஒஸ்லோ அந்த வரைபடத்தில் இல்லை. அதனால் மரச்சட்டத்துக்கு வெளியே, வலது பக்கச் சுவரில் ஒன்றைக் குத்தினார். யாழ்ப்பாணத்துக்கு அறையின் குறுக்கே நடந்து, கண்ணால் அளந்து, கதவுக்குக் கிட்டக் குனிந்து, கீழே சுவரில் ஒன்றைக் குத்தினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. பின்வரிசையில் ஒரு கிழவி வாய்விட்டுச் சிரித்தார். அவரும் ஒரு கெல்த்வெயிட்தான். பிறகு அக்கா அவர்களைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு கெல்த்வெயிட் இருக்கிறதா? எங்களிடம் இருக்கிறது." தன் பேத்தியைத்தான் சொன்னார்; தாய் தந்த பெயரையே தாரா தன் மகளுக்கும் கொடுத்திருந்தாள். நாங்கள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது செயலாளர் குனிந்து, கதவடிக் குண்டூசியைக் கவனமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

சில மாதங்களில் சங்கத்திலிருந்து ஒரு சிறு பெட்டி வந்தது. அதற்குள் துப்பலை நிரப்பி அனுப்பினால் மரபணு பார்ப்பார்களாம். ஏதாவது இரத்த உறவு தெரிந்தால் மீண்டும் யோசிக்கலாமாம். அக்கா பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார். "நாள் முழுக்க ஊராற்ற ரத்தத்தைத்தான் பாக்கிறனான், மனோ. ஒருநாளும் அதுக்குள்ள ஒரு பேரைக் கண்டதில்லை," என்றார். தொழில் தெரிந்தவர் சொன்னது.

நோய் வந்தபின்னும் அவர் சங்கத்துக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. அவர்களும் தன்மையாக மறுப்பதை நிறுத்தவில்லை. புள்ளி வைக்கப்படாமலே அவர் போனார். எனக்கு அது ஆறவில்லை. அதை இங்கே மறைத்து எழுத எனக்கு விருப்பமும் இல்லை.

அடக்கம் முடிந்த கிழமை தாரா கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். செயலாளர் எழுதியிருந்தார். ஆழ்ந்த அனுதாபம், உங்கள் தாயாரின் பற்றுதலை நாங்கள் மறக்கமாட்டோம், அவர் நினைவாக, ஒரு விதிவிலக்காக, ஒஸ்லோவுக்கென்று ஒரு கௌரவப் புள்ளி வைக்கத் தீர்மானித்திருக்கிறோம், வேறு நிறத்தில். வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா கேட்டது கிடைச்சிட்டுது பிள்ளை. நன்றி எண்டு எழுது," என்றேன்.

தாரா என்னைப் பார்த்த பார்வை அப்படியே தாயின் பார்வை. "இல்லை அன்ரி. அம்மா இதைக் கேக்கேல்லை," என்றாள். எனக்கு முன்னாலேயே இருந்து பதில் எழுதினாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை. சுற்றி வளைக்கத் தெரியாது. அவள் எழுதியது இது:

"என் அம்மா இந்தப் பெயரில் விருந்தாளியாக இருக்கவில்லை. இறந்தவருக்கு வேறு நிறத்தில் புள்ளி வேண்டாம். உயிரோடு இருக்கும் எங்களுக்கு, உங்களுக்கு வைத்த அதே நிறத்தில் வையுங்கள்: ஒஸ்லோவில் நானும் என் மகளும், யாழ்ப்பாணத்தில் என் மாமாவின் பிள்ளைகள், டொரோண்டோவில் சித்தி. முடியாதென்றால் வரைபடத்தின் தலைப்பையாவது திருத்துங்கள். கெல்த்வெயிட் பெயரின் பரவல் என்று போடாதீர்கள். வெள்ளைக் கெல்த்வெயிட்களின் பரவல் என்று போடுங்கள்."

அனுப்பிவிட்டுக் கணினியை மூடினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

பதில் இன்னும் வரவில்லை. ரஞ்சினி அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: மரியாதை என்று சொல்லிப் பாதியைத் தருகிறவனிடம், முழுவதையும் தா என்று கேட்கிற வாய். இவ்வளவு காலமும் அவர் பேசினார், நான் பக்கத்தில் நின்றேன். அடுத்த கடிதத்தை நான் எழுதப்போகிறேன். நான் கெல்த்வெயிட் இல்லை. அவர்கள் அந்தக் குண்டூசியைப் பிடுங்கியதைக் கண்ணால் கண்டவள்.