மூன்று விரல் அகலத்தில் ஒரு முகம்

பள்ளி வாசலில் கடைசிக் குழந்தையும் இறங்கிய பிறகு வேனைச் சுற்றுச்சுவர் நிழலில் ஒட்டி நிறுத்துகிறார். பின்பக்கம் போய், இரண்டாவது வரிசையில் சன்னலோரம் பிஸ்கட் துகள்களைத் தட்டிவிட்டு அமர்கிறார். மடியில் ஒரு கறுப்புப் பலகை. முன்னிருக்கையின் முதுகில் ரப்பர் பட்டையால் கட்டிய கைப்பேசி. இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். அந்த வயரைக் கைப்பேசியில் சேர்க்கும் விரல்நுனி அளவு இணைப்பான் வண்டிச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. முன்பு இரண்டைத் தொலைத்தவர் அவர். மணி ஒன்பது பத்து. இனிப் பள்ளி விடும்வரை அவர் ஓவியர்.

என் தங்கையின் கணவர், வயது நாற்பத்தாறு, பத்தொன்பது ஆண்டுகளாக வேன் ஓட்டுநர். சென்ற ஆண்டு பிப்ரவரி பதினொன்றாம் நாள், கடையில் இருந்தவற்றிலேயே மலிவான வரைபலகையை வாங்கி வந்தார்; அதன்மேல் அதற்குரிய மையில்லாப் பேனாவால் கீறினால் கைப்பேசித் திரையில் கோடு விழும். தங்கை அன்று சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "ஸ்டெப்னி வாங்கப் போன மனுசன் சிலேட்டு வாங்கிட்டு வந்திருக்காரு. நாளைக்கு யூனிபார்ம் தைக்கச் சொல்லுவாரு."

முதல் வாரம் முழுதும் பலகை பழுது என்றே நம்பினார். எவ்வளவு தேய்த்தாலும் பெரும்பகுதியில் கோடு விழவில்லை. கடைக்குத் திரும்ப எடுத்துச் சென்றபோதுதான், கைப்பேசியோடு இணைத்தால் இடது ஓரத்தில் மூன்று விரல் அகலம் மட்டுமே வேலை செய்யும் என்று சொன்னார்கள். அந்த எல்லையில் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டார். "இவ்ளோ பெரிய கிரவுண்டுல நமக்கு ஒரு வண்டி நிக்கிற எடம் குடுத்திருக்கான் மச்சான். போதும், நான் ரிவர்ஸ்லயே உள்ள விட்டுடுவேன்."

பேனா ஓடுவது மடியில். கோடு பிறப்பது கைப்பேசியில். கையைப் பார்த்தால் கெட்டுவிடும். பலருக்குத் தலைசுற்றும் இந்த ஏற்பாடு அவருக்கு மூன்றே நாளில் பழகிவிட்டது. அவருக்குப் பெரிதும் பிடித்தது, தவறான கோட்டை ஒரே தட்டில் திரும்பப் பெறும் பொத்தான். "ரோட்டுல இப்படி ஒரு பட்டன் இருந்தா எத்தன பேரு பொழச்சிருப்பாங்க!"

வரைவதெல்லாம் தம் பயணிகளைத்தான்: வாய் திறந்து தூங்குபவர், சன்னலை நக்குபவர், அழுது முடித்து விக்குபவர். அனைவரையும் ஓட்டுநர் கண்ணாடியிலேயே பார்த்தவராதலால் எல்லாருக்கும் வகிடு இடம் மாறியிருக்கும். ஒரு தாய் அதைச் சுட்டிக் காட்டியபோது, "எனக்குத் தெரிஞ்ச பாப்பா இதுதாங்க," என்று சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பப் பதிவேட்டை இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் பேணி வருகிறேன். அதில் என் பெரியம்மாவின் பக்கத்தில் ஒரு நீள்வட்டக் கோடு உண்டு, உள்ளே ஒன்றுமில்லை. பதினைந்து வயதில் காய்ச்சலில் போனவர், புகைப்படம் கிடையாது. அவரை நேரில் பார்த்தவர்களில் இன்று இருப்பவர்கள் அவருடைய தங்கையான என் அம்மாவும், தம்பியான என் மாமாவும் மட்டுமே. இவ்வாண்டு தொடக்கத்தில் அம்மா ஒரு நாள் கலங்கிப்போய்ச் சொன்னார்: "இப்பல்லாம் அக்காவ நெனச்சா உன் தங்கச்சி மூஞ்சிதான் வருது. அவ மூஞ்சி போயிடுச்சுடா."

மைத்துனர் இதைக் கேட்ட மறு ஞாயிறே பலகையுடன் வந்து சேர்ந்தார். "அத்தை, நீங்க சொல்லுங்க. கை என்னோடது, கண்ணு உங்களோடது."

"மூக்கு கூரா இருக்கும் மாப்பிள்ளை."

"கூரா?" என்றார் மாமா. "சப்ப மூக்கு. நீ அப்ப பால்குடி, ஒனக்கென்ன தெரியும்?"

"ஏழு வயசுல பால்குடியா? ஒனக்குப் பொறாமை. ஒம் மூக்கு சப்ப."

"சண்ட வேணாம். ஆளுக்கொரு மூக்கு," என்று மைத்துனர் தீர்ப்பளித்தார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் விரித்தது போன்ற அடுக்குகள் கைப்பேசியில் அவர் வரையும் செயலியில் உண்டு. ஓர் அடுக்கில் அம்மாவின் மூக்கு, இன்னொன்றில் மாமாவின் மூக்கு. விரல் பட்டால் ஒன்று மறைந்து மற்றது தோன்றும். மூன்றாவது மூக்கு என் தங்கையுடையது. பெரியம்மாவைப் பார்த்திராமலே, சமரசத்திற்காக அவள் முன்மொழிந்தது. மூன்று மூக்கு உள்ளவரைப் பதிவேட்டில் சேர்க்க இயலாது என்று நான் தெரிவித்தேன். மாமா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

ஐந்து ஞாயிறு இவ்வாறு கழிந்தது. ஒவ்வொரு முறையும் அழகான ஒரு பெண் நேராக எங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அம்மா உதட்டைப் பிதுக்கினார். ஆறாவது ஞாயிறு, "விடுங்க மாப்பிள்ளை. எனக்கே மறந்துபோச்சு போல. பாவம், நீங்க எவ்ளோதான் வரைவீங்க," என்றார். அப்போது அவர் குரலில் கேலி இல்லை.

மைத்துனர் மூன்று மூக்குகளையும் முகத்தையும் அழித்தார். வெற்றுத் திரையைப் பார்த்தபடி கேட்டார்: "அத்தை, அவங்களோட எங்க போவீங்க?"

"கடைக்கு. கையப் புடிச்சிக்கிட்டே போவோம்."

"நீங்க அப்ப எவ்ளோ ஒசரம்?"

அம்மா தம் இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கையைக் கிடத்திக் காட்டினார்.

"அங்கேர்ந்து அண்ணாந்து பாத்தா மூக்கா தெரியும்? நாந்தான் கிறுக்கன், இத்தன நாளா போட்டோ மாதிரி ஒக்கார வச்சுட்டேன். கீழேர்ந்து என்ன தெரியும், சொல்லுங்க."

அம்மா சொல்லத் தொடங்கினார். பிறகு நிறுத்தவே இல்லை. "தாடைக்கு அடியில ஒரு மடிப்பு. காதுக்குப் பின்னால வேர்வையில முடி ஒட்டிக் கெடக்கும். குனிஞ்சு பேச மாட்டா, ரோட்டப் பாத்துக்கிட்டேதான் பேசுவா. கன்னம் மட்டும் அசையும். ஒதட்டோரம் இப்படி..." ஐந்து வாரத்தில் ஒருமுறையும் வராத செய்திகள் இவை. பேனா மூன்று விரல் அகலத்துக்குள் முன்னும் பின்னும் ஓடியது. மைத்துனர் மடியைப் பார்க்கவே இல்லை. மாமாவிடம் மறுப்பு உண்டா என்று விதிப்படி கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் முன்னால ஓடிடுவேன்," என்றார் மாமா.

படம் தெரியும் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்கள். அம்மா குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இப்படிக் கீழ வச்சுப் பாத்தா அவ இல்ல. கொஞ்சம் மேல தூக்குங்க மாப்பிள்ளை."

மைத்துனர் வயரைப் பிடுங்கிவிட்டுக் கைப்பேசியுடன் எழுந்தார். "இன்னும்," என்றார் அம்மா. மைத்துனர் நாற்காலியில் ஏறினார். கைப்பேசியைத் தலைக்கு மேல் நீட்டி, சாலையைப் பார்க்கும் முகமாகச் சற்றே திருப்பிப் பிடித்தார்.

அம்மா அண்ணாந்தார். "அக்கா," என்றார். சிரித்தார், ஒரு கை தானாக உயர்ந்து, பற்றிக்கொள்ள ஏதோ தேடியது. தங்கை விரலைக் கொடுத்தாள்.

யாரும் அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்து வலக்கை கடுத்தபோது, மைத்துனர் படம் சிறிதும் அசையாமல் அதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.