கொடுதி நாளில் வைத்த கூட்டம்

கொடுதி என்று தெரிந்தேதான் அன்றைக்குக் கூட்டம் வைத்தேன். மலைப் பழங்குடிகளான காணிகள் தங்கள் தெய்வங்களுக்குப் படைக்கும் அந்த நாளில் யாரும் மலையிலுள்ள தங்கள் குடியை விட்டு இறங்கமாட்டார்கள். குழுத் தலைவியும் வரமாட்டார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நெய்யாற்றுக்கு மேலுள்ள மழைக்காட்டை வனத்துறையும் காணிகளும் சேர்ந்து காக்க ஏற்பட்ட குழு அது. காணிகளின் சார்பில் அவர் தலைவி. துறையின் சார்பில் நான் செயலாளர். பாறசாலையில் பிறந்து தாவரவியல் படித்தவன். மேட்டுக்காட்டுப் பாதையை அடைத்தால் அங்குள்ள அரிய செடிகள் பிழைக்கும் என்று மேலிடம் நம்பியது, நானும் நம்பினேன். ஆனால் பாதையின் முடிவில் காணிகளின் பழைய குடியும் இடுகாடும் இருந்தன. தலைவியின் அம்மாவைப் புதைத்ததும் அங்கேதான். "மற்ற வழியெல்லாம் அடைச்சுக்கிடுங்க சாரே, இத மட்டும் விடணும்" என்று முந்தைய கூட்டத்தில் சொல்லியிருந்தார். அவரை எதிரே வைத்துக்கொண்டு தீர்மானத்தை நிறைவேற்ற முடியாது என்று அன்றே புரிந்துகொண்டேன்.

கொடுதியன்று, காணிகள் இல்லாமலே தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வாரம் பாதையின் தொடக்கத்தில் கம்பிவேலியைப் பார்த்த தலைவி சத்தம் போடவில்லை. "உமக்கு நாள் தெரியும். போன கொடுதிக்குப் படையல் சோறு தின்ன ஆளாக்கும் நீரு" என்றார். வேலி இருந்த அத்தனை வருடங்களும் அவர் தன் அம்மாவிடம் போகவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, பனச்சமூட்டில் பஸ் மாறி, அவர் குடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கூடை முடைய ஈற்றை மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன உண்டு? கூட்டத்துல வந்து சொல்லும்."

சொன்னேன். இப்போதைய செயலாளர், "வயசான காலத்தில இது எதுக்கு சார்?" என்று தடுத்துப் பார்த்தார். நாள் தெரிந்தே செய்தேன் என்று எல்லார் முன்னிலும் சொல்லி முடித்தேன். பாதையைப் பற்றிய பேச்சு மறுபடி தொடங்கியது. செடிகள் பூத்துக் காய்க்கும் மாதங்களில் தாங்களே அந்தப் பக்கம் போவதில்லை என்று தலைவி வாக்குக் கொடுத்தார். "அண்ணைக்கே இதச் சொல்லத்தான் இருந்தேன்" என்றார், என்னைப் பார்க்காமல். காணிகளுக்கு மட்டும் பாதை திறந்தது.

பாதை திறந்த முதல்நாள் நானும் பையோடு போய் நின்றேன்.

"நீரு எங்க வாறீர்?"

"உங்க அம்மா இருக்கிற இடத்துக்கு..."

"எங்க அம்மையாக்கும் சாரே. நீரு இங்க இரியும்."

குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டு, தன் ஆட்களோடு ஏறிப் போனார். அவர்கள் இறங்கி வரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.