சூரியனுக்கு உப்புப் போட்ட மாமா

எங்கள் மாமாவைப் போல ஒரு சாதுவைத் தங்க வயல் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. தாதுக்கல்லை உருக்கித் தங்கத்தின் அளவைச் சோதிக்கும் ஆபீசில், துரைக்கு எடுபிடியாக இருந்தார். அந்தத் துரைக்குச் சீமையிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் வந்தது. வெளிச்சத்தை அது நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். சூரிய வெளிச்சத்தில் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியுமாம். இங்கே ஒரு பொருளை விளக்கில் எரித்து, அதன் வெளிச்சத்தில் வரும் கோடு அந்தக் கறுப்புக் கோட்டோடு பொருந்தினால், அந்தப் பொருள் சூரியனிலும் உண்டாம். தங்க வயல் துரை வேறு எதைத் தேடுவார்? தங்கத்தைத்தான் தேடினார்.

நாள்தோறும் தங்கத்தூளை விளக்கில் காட்டியும் ஒரு கோடும் வரவில்லை. கோபம் மாமா மேல் திரும்பியது. குழாயின் கண்ணாடியை அழுக்காக்கியது நீதான், சனிக்கிழமையோடு நின்றுவிடு என்றுவிட்டார். மாமாவுக்கு அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போச்சு. வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அம்மா அசரவில்லை. "அந்தக் கொழாய ஊரே வந்து வாயப் பொளந்து பாத்துட்டுப் போச்சே, கண்ணு படாம இன்னா பண்ணும்? சுத்திப் போடு தம்பி," என்றாள். மறுநாள் சோற்றுத் தூக்கோடு கல்லுப்பும் மிளகாயும் முடிந்து என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

நான் போனபோது துரை வெளியே போயிருந்தார். மிளகாயைப் போட்டால் துரை தும்முவார் என்று மாமா அதை ஒதுக்கிவிட்டார். உப்பை மட்டும் குழாயைச் சுற்றி மூன்று முறை சுற்றி, எரிந்துகொண்டிருந்த ஸ்பிரிட் விளக்கில் போட்டார். படபடவென்று வெடித்துச் சுடர் மஞ்சளாக எழும்பியது. அதே நேரம் வாசலில் துரை.

துரை மாமாவைத் தள்ளிவிட்டுக் குழாயில் கண்ணை வைத்தார். விளக்கை நகர்த்தி, ஜன்னல் வெயிலைக் கண்ணாடியால் குழாய்க்குள் திருப்பினார். மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமாவையும் பிடித்து இழுத்துப் பார்க்க வைத்தார். எனக்கு முக்காலி போட்டார். விளக்கில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. வெயிலில் அதே இடத்தில், மயிரிழை பிசகாமல், ஒரு கறுப்புக் கோடு.

"சூரியன்லே உப்பு இருக்கு," என்றார் துரை தமக்குத் தெரிந்த தமிழில்.

மாமா கைகட்டி நின்றார். "ஆமாங்க தொரை. இப்பத்தான் போட்டேன்."

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவின் வேலை தப்பியது, கல்யாணமும் நடந்தது. திருஷ்டி கழிந்தது என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மாமா போட்ட உப்பு சூரியன் வரைக்கும் போன பெருமையை நான் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருவர் விடாமல் அளந்தேன். எனக்கு ஒன்றுதான் அன்று விளங்கவில்லை. தங்கத்தைத் தேடி உப்பைக் கண்ட மனுஷனுக்கு அத்தனை சந்தோஷம் எதற்கு?